அமெரிக்காவில் முதல் தொண்ணூறு நாள்: எந்தத் தாளை எப்போது வாங்குவது

டாலஸில் வந்து இறங்கிய பதினேழாவது வாரத்தில்தான் என் ஓட்டுநர் உரிமம் தபாலில் வந்தது. எட்டு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது. தாமதத்துக்குக் காரணம் இரண்டு. மூன்றாம் நாளே அவசரப்பட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனது ஒன்று. வீட்டு ஒப்பந்தத்தில் என் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் இல்லாதது மற்றொன்று. இவை இரண்டையும் முன்பே யாராவது சொல்லியிருந்தால் ஒன்பது வாரம் மிஞ்சியிருக்கும்.

எச்-1பி விசாவில் குடும்பத்தோடு வருகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நான் இருப்பது டெக்சாஸ். வீடு, மின்சாரம், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மற்றவை நாடு முழுவதற்கும் பொது. இங்கே ஒவ்வொரு தாளும் அடுத்த தாளைப் பெற்றுத்தரும். அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

1. ஊரிலேயே முடிக்க வேண்டியவை

முதலில் பாஸ்போர்ட்டைத் திறந்து பெயரைப் பாருங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொண்டு வாழ்ந்திருப்போம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயரின் இடத்தில் 'எஃப்என்யூ' என்ற மூன்று எழுத்து ஏறும். முதல் பெயர் தெரியவில்லை என்பதுதான் அதன் பொருள். என் விசாவில் அப்படித்தான் வந்தது. பிறகு காப்பீட்டு அட்டை, அலுவலக மின்னஞ்சல் என்று பலவற்றிலும் அந்த மூன்று எழுத்தே என் முதல் பெயராகப் பதிவானது.

விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால், அதற்கு முன்பே பாஸ்போர்ட்டை மறுபதிப்புக்குக் கொடுத்து இரண்டு கட்டங்களையும் நிரப்பிக்கொள்ளுங்கள். மனைவி, குழந்தைகளின் பாஸ்போர்ட்டுகளையும் அதே முறையில் சரிசெய்யுங்கள். விசா வந்துவிட்டது என்றால் நடுவில் எதையும் மாற்ற வேண்டாம். பாஸ்போர்ட்டிலும் விசாவிலும் இருக்கும் பெயரையே, ஓர் எழுத்துகூட மாற்றாமல், இங்கே எல்லா இடத்திலும் கொடுங்கள். பணி நியமனக் கடிதத்திலும் அதே பெயர் இருக்கும்படி நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். திருத்தத்தை அடுத்த பாஸ்போர்ட் புதுப்பிப்பின்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதி. எச்-1பி ஒப்புதல் முடியும் தேதிக்கு முன்பே பாஸ்போர்ட் முடிகிறதென்றால், புறப்படும் முன் புதுப்பித்துவிடுங்கள். காரணம் அடுத்த படியில் வருகிறது.

கைப்பெட்டியில் வைக்க வேண்டியவை: எச்-1பி ஒப்புதல் அறிவிப்பு (அதன் பெயர் ஐ-797), பணி நியமனக் கடிதம், பட்டச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை. தடுப்பூசி அட்டையில் ஒரு சிக்கல் உண்டு. நாம் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுவோம். இங்கே மாதம்தான் முதலில். 05/07 என்று இருந்தால் ஜூலை 5 என்பது இவர்களுக்கு மே 7. பள்ளியில் சேர்க்கும்போது ஊசிகளுக்கு இடையிலான நாட்களைக் கணக்குப் பார்ப்பார்கள். தேதி புரியாவிட்டால் போட்ட ஊசியை மறுபடியும் போடச் சொல்லலாம். புறப்படும் முன் குழந்தை மருத்துவரிடம், மாதத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுத்தால் எழுதி, முத்திரையோடு ஒரு பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்திய மொபைல் எண்ணைக் கைவிடாதீர்கள். வங்கி, வருமான வரி, ஆதார் என்று எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் அந்த எண்ணுக்குத்தான் வரும். குறைந்த கட்டணத் திட்டத்தில் ரோமிங்கைச் செயல்படுத்திவிட்டு வாருங்கள். வந்த பிறகு இதைச் சரிசெய்வது பெரும்பாடு.

பணம் எவ்வளவு வேண்டும்? முதல் சம்பளம் வர மூன்று, நான்கு வாரங்கள் ஆகலாம். அதற்குள் வீட்டுக்கு முன்பணம், முதல் மாத வாடகை, மெத்தை, பாத்திரம், டாக்சி என்று எல்லாச் செலவும் வந்து நிற்கும். இரண்டரை மாத வாடகைக்குச் சமமான தொகையோடு, அதற்கு மேல் 1,500 டாலர் வைத்திருந்தால் மூச்சு விடலாம். பெரும்பகுதியை அட்டையில் ஏற்றி வாருங்கள். குடும்பத்துக்கு மொத்தமாக 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும்.

2. இறங்கிய அன்றிரவு: ஐ-94

இங்கே நீங்கள் எந்தத் தேதி வரை சட்டப்படி தங்கலாம் என்பதைச் சொல்வது பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா அல்ல. ஐ-94 என்ற பதிவு. விசா என்பது உள்ளே நுழைய அனுமதி கேட்பதற்கான சீட்டுதான். இந்த வேறுபாடு தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து ஐ-94ஐ இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இதற்குக் கட்டணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். அரசுத் தளத்தின் முகவரி 'டாட் கவ்' என்று முடியும்.

வந்த அன்றிரவே, தூக்கக் கலக்கத்திலும், குடும்பத்தில் ஒவ்வொருவருடையதையும் தனித்தனியாக இறக்கி மூன்றைச் சரிபாருங்கள்: பெயர், விசா வகை, தங்கலாம் என்று கொடுத்திருக்கும் கடைசித் தேதி. குழந்தைக்கு ஒரு தேதி, உங்களுக்கு வேறு தேதி என்று வருவது உண்டு.

என் விஷயத்தில் ஒப்புதல் இன்னும் முப்பத்தொரு மாதத்துக்கு இருந்தது; பாஸ்போர்ட் பதினான்கு மாதத்தில் முடிய இருந்தது. அதிகாரி பாஸ்போர்ட் முடியும் தேதியையே ஐ-94இல் போட்டுவிட்டார். இது பிழை அல்ல, விதிப்படி நடப்பதுதான். எனவே திருத்தச் சொல்லிக் கேட்டுப் பயனில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்த பின், நாட்டைவிட்டு ஒருமுறை போய்த் திரும்பி வர வேண்டும். இல்லாவிட்டால் நிறுவனம் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். புதிய பாஸ்போர்ட் கையில் வந்ததும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தால் அந்தத் தேதிக்குப் பின் சட்டவிரோதமாகத் தங்கியவராகிவிடுவீர்கள். மாறாக, பெயரோ விசா வகையோ தவறாக ஏறியிருந்தால் அது உண்மையான பிழை. பெரிய விமான நிலையங்களில் இதற்கென்றே இருக்கும் எல்லைப் பாதுகாப்புத் துறைப் பிரிவில் இலவசமாகத் திருத்தித் தருவார்கள்.

வெளிநாடு போய்வரும் ஒவ்வொரு முறையும் புதிய ஐ-94 உருவாகும். ஒவ்வொரு முறையும் இறக்கிச் சேமியுங்கள்.

3. முதல் வாரம்: வேலையும் வங்கியும்

வேலையில் சேர்ந்த முதல் நாளில் ஐ-9 என்ற படிவத்தில் உங்கள் பகுதியை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். மூன்று வேலை நாட்களுக்குள் மூலச் சான்றுகளைக் காட்ட வேண்டும். பாஸ்போர்ட்டும் ஐ-94உம் போதும். அடுத்த படியில் வரும் சமூகப் பாதுகாப்பு எண் கிடைத்தால்தான் வேலை தொடங்கலாம் என்று சில மனிதவள அலுவலர்களே சொல்வார்கள், அது சரியல்ல. எண்ணுக்கு விண்ணப்பித்துவிட்டு, அது வரும்வரை வேலை செய்யலாம், சம்பளமும் பெறலாம்.

வங்கிக் கணக்குக்கும் அந்த எண் கட்டாயம் அல்ல. இணையத்தில் முயன்றால் எண் கேட்டு நின்றுவிடும். கிளைக்கு நேரில் போனால் பல பெரிய வங்கிகள் பாஸ்போர்ட், விசா, ஐ-94, நியமனக் கடிதம், தங்கும் முகவரி ஆகியவற்றை வைத்துக் கணக்குத் திறக்கின்றன. எண் வந்தபின் போய்ச் சேர்த்துவிட வேண்டும். மாதப் பராமரிப்புக் கட்டணம் எப்போது தள்ளுபடி ஆகும் என்று கேளுங்கள். சம்பளம் நேரடியாக அந்தக் கணக்கில் விழுந்தால் பெரும்பாலும் தள்ளுபடிதான்.

வங்கி அலுவலர் உங்கள் பெயரைத் தட்டச்சு செய்யும்போது திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை. அவர் நியமனக் கடிதத்தைப் பார்த்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்து அந்த வங்கி அறிக்கை வேறோர் அலுவலகத்தில் செல்லாமல் போயிற்று.

4. சமூகப் பாதுகாப்பு எண்: பத்து நாள் பொறுங்கள்

இந்த ஒன்பது இலக்க எண்தான் சம்பளம், வரி, கடன், வீடு எல்லாவற்றுக்கும் அடிப்படை. விண்ணப்பம் இலவசம். படிவத்தின் பெயர் எஸ்எஸ்-5. பாஸ்போர்ட், விசா, ஐ-94 ஆகியவற்றின் மூலத்தோடு நேரில் போக வேண்டும். முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.

நான் இறங்கிய மூன்றாம் நாளே போனேன். தடுப்புக் கண்ணாடிக்கு அப்பால் இருந்த அம்மையார் பொறுமையாக எல்லாவற்றையும் தட்டச்சு செய்தார்; பிறகு திரையைப் பார்த்துத் தலையசைத்தார். நான் நாட்டுக்குள் வந்த பதிவு அவர்கள் கணினிக்கு இன்னும் வந்து சேரவில்லை. விண்ணப்பத்தைத் தனிச் சரிபார்ப்புக்கு அனுப்பினார்கள். அட்டை வர ஏழு வாரம் ஆயிற்று. எனக்குப் பின்னால் வந்து, பத்து நாள் கழித்துப் போன நண்பருக்கு இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. வந்த நாளிலிருந்து எண்ணி, பத்து நாள் கழித்து வரும்படி முன்பதிவு செய்யுங்கள். நேரம் கிடைக்கவே ஒரு வாரம் ஆகலாம் என்பதால் பதிவை மட்டும் முதல் நாளே செய்துவிடுங்கள்.

விண்ணப்பித்ததற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் பெயரையும் முகவரியையும் வாசித்துப் பார்த்த பிறகே இடத்தைவிட்டு நகருங்கள்.

அட்டை தபாலில்தான் வரும். நண்பர் வீட்டிலோ தற்காலிக விடுதியிலோ தங்கியிருந்தால், தபால் பெட்டியின் உட்புறத்தில் உங்கள் பெயரை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். பெட்டியில் இல்லாத பெயருக்கு வரும் கடிதத்தைத் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடக்கூடும். அட்டை வந்ததும் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு, அட்டையை வீட்டில் பத்திரப்படுத்துங்கள். பையில் வைத்துக்கொண்டு திரியாதீர்கள்.

எச்-4 விசாவில் வரும் மனைவிக்கோ கணவருக்கோ, வேலை அனுமதி இல்லாதவரை, இந்த எண் கிடைக்காது. அதற்காக அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். அவர்களுக்கு ஐடிஐஎன் என்ற வரி எண் உண்டு. அதை முதல் வரிக் கணக்கோடு சேர்த்து டபிள்யூ-7 படிவத்தில் கேட்க வேண்டும். அப்போது பாஸ்போர்ட் மூலத்தையே அஞ்சலில் அனுப்பச் சொல்வார்கள் என்று அஞ்ச வேண்டாம். வருமான வரித் துறை அங்கீகரித்த முகவர்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சான்றளித்து உடனே திருப்பித் தருவார்கள். அதற்கு அவர்கள் கட்டணம் வாங்குவார்கள்.

எண் கைக்கு வந்தபின் தொலைபேசி மோசடிகள் தொடங்கும். வரித் துறையிலிருந்தோ குடியேற்றத் துறையிலிருந்தோ பேசுவதாகச் சொல்லி, கைது செய்வோம், நாடு கடத்துவோம் என்று மிரட்டுவார்கள். பரிசு அட்டை வாங்கி எண்ணைச் சொல்லச் சொல்வார்கள். எந்த அரசு அலுவலகமும் பரிசு அட்டையில் பணம் வாங்குவதில்லை. போனை வைத்துவிடுங்கள். வீட்டில் தனியாக இருக்கும் மனைவியிடமும் பெற்றோரிடமும் இதை முன்பே சொல்லிவையுங்கள்.

5. வீடு

முதல் வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது சமையலறையின் அழகைப் பார்க்காதீர்கள். நடந்துபோகும் தூரத்தில் மளிகைக் கடை இருக்கிறதா என்று பாருங்கள். டெக்சாஸ் புறநகரில் கார் இல்லாதவருக்கு இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. வரைபடத்தில் கடை ஒன்றரை கிலோமீட்டர் என்று காட்டியது. பாதித் தூரத்தில் நடைபாதை முடிந்துபோனது. ஆகஸ்ட் வெயிலில், கையில் ஒரு கேலன் பால் கேன், அதாவது ஏறக்குறைய 3.8 லிட்டர், அதன் பிளாஸ்டிக் பிடி விரல்களில் பதிந்து சிவந்திருக்க, ஆறுவழிச் சாலையின் புல் ஓரமாக மனைவி நடந்து வந்ததை நான் அலுவலகப் பேருந்திலிருந்து பார்த்தேன். அந்த வாரமே வேறு குடியிருப்பு தேடத் தொடங்கினேன்.

குடியிருப்பு அலுவலகம் கேட்பவை: பாஸ்போர்ட், ஐ-94, நியமனக் கடிதம் அல்லது சம்பளச் சீட்டு. மாதச் சம்பளம் வாடகையைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது பரவலான நிபந்தனை. உங்களுக்கு இங்கே கடன் வரலாறு இல்லாததால் கூடுதல் முன்பணம் கேட்பார்கள். அதைப் பேசிக் குறைக்கலாம். நியமனக் கடிதத்தைக் காட்டிக் கேளுங்கள்.

பணத்தில் கவனிக்க வேண்டியவை சில. விண்ணப்பக் கட்டணம், நிர்வாகக் கட்டணம் ஆகியவை பெரும்பாலும் திரும்பி வராது. எனக்கு இரண்டும் சேர்ந்து 225 டாலர் ஆனது. முன்பணத்துக்குப் பதிலாக 'ஷூரிட்டி பாண்ட்' என்று குறைந்த தொகை ஒன்றைக் கட்டச் சொல்வார்கள். சின்னத் தொகை என்று மனம் அதன் பக்கம் போகும். அது திரும்பி வராது. அதைக் கட்டினாலும் வீட்டுச் சேதத்துக்கு நீங்களே பொறுப்பு. இயன்றால் முழு முன்பணத்தைக் கட்டுங்கள். விளம்பரத்தில் காட்டும் வாடகையோடு குப்பை எடுக்க, பூச்சி மருந்துக்கு, கார் நிறுத்த, தண்ணீருக்கு என்று மாதாமாதம் சேரும். 'எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு' என்று எழுத்தில் கேளுங்கள். வாடகையாளர் காப்பீடும் எடுக்கச் சொல்வார்கள். வெளியில் வாங்கினால் மாதம் 15 டாலர் அளவில் கிடைத்தது. குடியிருப்பு அலுவலகம் சொன்ன விலை அதைவிட அதிகம்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை நிதானமாக வாசியுங்கள். காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும்? எங்களுக்கு 60 நாள். இடையில் முறித்தால் என்ன அபராதம்? எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு மாத வாடகையின் 85 சதவீதம். அதைக் கட்டினாலும் வேறு ஆள் வரும்வரை வாடகைப் பொறுப்பு தீராது. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா? கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும். மனைவி ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது அவருக்கு முகவரிச் சான்று இந்த ஒப்பந்தம்தான்.

சாவி வாங்கிய அன்று, ஒரு பெட்டியைக்கூட உள்ளே கொண்டுபோகும் முன், கம்பளத்தின் கறை, சுவரின் துளை, அடுப்பின் உள்பக்கம், குளியலறைத் தரை என்று மூலைமுடுக்கெல்லாம் படம் எடுங்கள். வீட்டின் நிலையை எழுதித்தர ஒரு படிவம் கொடுப்பார்கள். எங்களுக்கு 48 மணி நேரக் கெடு. படங்களோடு மின்னஞ்சலில் அனுப்பினால் தேதியோடு சான்று நிற்கும்.

6. மின்சாரம்

டாலஸ் பகுதியில் பல ஊர்களில் மின்சாரம் விற்கும் நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். கம்பி யாருடையதாக இருந்தாலும் விற்பவர் பலர். மாநில ஆணையமே நடத்தும் 'பவர் டு சூஸ்' தளத்தில் விலைகளை ஒப்பிடலாம்.

சரியாக 1,000 யூனிட் பயன்படுத்தினால் மட்டும் விலை மலிவாகத் தெரியும்படி சில திட்டங்களை அமைத்திருப்பார்கள். 1,000ஐத் தொட்டால் பெரிய தள்ளுபடி. 980இல் நின்றால் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பக்க விவரத் தாள் உண்டு. அதில் 500, 1,000, 2,000 யூனிட்டுக்கான விலைகள் தனித்தனியே இருக்கும். மூன்றும் அதிகம் விலகாத திட்டத்தை, பன்னிரண்டு மாதம் நிலையான விலையில் எடுங்கள். சமூகப் பாதுகாப்பு எண் இல்லையென்றால் முன்பணம் கேட்பார்கள்.

7. மருத்துவக் காப்பீடு: முப்பது நாள் கெடு

வேலையில் சேர்ந்தபின் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்க நிறுவனங்கள் பொதுவாக முப்பது நாள் தருகின்றன. அதைத் தவறவிட்டால் அடுத்த வருடாந்தரச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். குடும்பம் பின்னால் வருகிறது என்றால், அவர்கள் வந்த நாளிலிருந்து எத்தனை நாளுக்குள் சேர்க்க வேண்டும் என்று இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரீமியம் குறைந்த திட்டத்தைப் பார்த்ததும் கையெழுத்திட வேண்டாம். 'டிடக்டிபிள்' என்பது காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் நீங்கள் உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய ஆண்டுத் தொகை. ஆண்டில் நீங்கள் கட்டக்கூடிய அதிகபட்சத்துக்கும் ஒரு வரம்பு இருக்கும். சின்னக் குழந்தையோ மகப்பேறு எதிர்பார்ப்போ இருக்கும் வீட்டில் இந்த இரண்டு எண்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பல்லும் கண்ணும் தனிக் காப்பீடு.

எங்கள் மகனுக்கு ஒரு சனிக்கிழமை இரவு காய்ச்சல் 103 டிகிரி. பதற்றத்தில் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனோம். மூன்று மணி நேரம் உட்கார்ந்து, காய்ச்சல் மருந்து வாங்கித் திரும்பினோம். ஆறு வாரம் கழித்து 1,840 டாலருக்குப் பில் வந்தது. மூன்று தெரு தள்ளி 'அர்ஜென்ட் கேர்' என்ற சிறு மருத்துவ நிலையம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. அடுத்த முறை அங்கே போனபோது 50 டாலரோடு முடிந்தது. காப்பீட்டு அட்டை வந்த அன்றே அதன் பின்புறம் இருக்கும் செவிலியர் எண்ணைக் கைபேசியில் பதியுங்கள். பல அட்டைகளில் இரவிலும் பேச ஓர் எண் இருக்கும். காப்பீட்டு வலையமைப்பில் இருக்கும் அர்ஜென்ட் கேர் ஒன்றைக் கண்டுபிடித்து முகவரியையும் குறித்துவையுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, நினைவு தப்புதல் என்றால் யோசிக்காமல் 911ஐ அழையுங்கள். அப்போது பணத்தை நினைக்க வேண்டாம்.

காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வரும் கணக்கு விளக்கத் தாளில் 'இது பில் அல்ல' என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து யாரும் பணம் கட்டக்கூடாது. மருத்துவமனை அனுப்பும் பில் வந்தபின், இரண்டிலும் உள்ள தொகை ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுக் கட்டுங்கள். தொகை பெரிதென்றால் ஒவ்வொரு செலவையும் தனித்தனியே காட்டும் பில் கேளுங்கள், தவணை கேளுங்கள். எனக்கு வட்டியில்லாமல் ஆறு தவணை கொடுத்தார்கள்.

8. ஓட்டுநர் உரிமம்

இரண்டாவது மாதத் தொடக்கத்தில் கிடைக்கும்படி முன்பதிவை முதல் வாரத்திலேயே செய்யுங்கள். டெக்சாஸ் உரிம அலுவலகங்களில் நேரம் கிடைப்பது கடினம். புறநகரில் ஆறு வாரம் என்றால், ஒன்றரை மணி நேரத் தொலைவில் உள்ள சிற்றூரில் அடுத்த வாரமே கிடைக்கலாம்.

கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட், விசா, ஐ-94, ஐ-797, சமூகப் பாதுகாப்பு அட்டை, டெக்சாஸ் முகவரிக்கு இரண்டு சான்றுகள். வீட்டு ஒப்பந்தமும் வங்கி அறிக்கையும் போதும். இருபத்தைந்து வயதோ அதற்கு மேலோ ஆனவர் ஓட்டும் தேர்வுக்கு முன் ஒரு மணி நேர இலவசக் காணொளிப் பாடத்தை இணையத்தில் முடித்துச் சான்று எடுக்க வேண்டும். அது 90 நாள் செல்லும். பதினெட்டு முதல் இருபத்துநான்கு வயதுள்ளவர்களுக்கு ஆறு மணி நேரப் பாடம் கட்டாயம். கட்டணம் 33 டாலர். எழுத்துத் தேர்வில் 30 கேள்விகள். 21 சரியாக இருக்க வேண்டும். மாநிலம் வெளியிடும் கையேடு இலவசம். அதை இரண்டு முறை வாசித்தால் தேறிவிடலாம்.

என்னை முதல் முறை திருப்பி அனுப்பினார்கள். ஒப்பந்தத்திலும் வங்கி அறிக்கையிலும் அப்பா பெயர் சேர்ந்திருந்தது, பாஸ்போர்ட்டில் இல்லை. இரண்டையும் திருத்தி, மறுபடி முன்பதிவு செய்து, நான்கு வாரம் காத்திருந்தேன்.

ஓட்டும் தேர்வுக்குக் காரை நீங்களே கொண்டுபோக வேண்டும். காரின் காப்பீடும் பதிவும் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். கூட உரிமம் உள்ள ஒருவர் வர வேண்டும். இணைநிறுத்தமும் (பேரலல் பார்க்கிங்) தேர்வில் உண்டு. ஊரில் பதினைந்து ஆண்டு ஓட்டியவராக இருந்தாலும் நான்கு வகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். நம் கைக்கும் கண்ணுக்கும் பழகாதவை சில உண்டு: 'ஸ்டாப்' பலகையில் எதிரில் யாருமே இல்லாவிட்டாலும் சக்கரம் முழுமையாக நிற்க வேண்டும். நாற்சந்தியில் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மினுக்கி நின்றால் பின்னால் வருபவர் மட்டுமல்ல, நடுவில் தடுப்பில்லாத சாலையில் எதிரில் வருபவரும் நிற்க வேண்டும். காவலர் நிறுத்தினால் காரைவிட்டு இறங்காதீர்கள். ஊரில் இறங்கிப் போய்ப் பேசுவது மரியாதை. இங்கே அது ஆபத்து. சன்னலை இறக்கி, இரு கைகளையும் ஸ்டீயரிங்கின் மேல் வைத்துக் காத்திருங்கள்.

உரிமத்தில் இருக்கும் முடிவுத் தேதி உங்கள் ஐ-94 தேதியை ஒட்டியே வரும். என் உரிமம் பதினான்கு மாதத்திலிருந்து கழிந்த நாட்கள் போக மீதிக்குத்தான் கிடைத்தது. இரண்டாம் படியில் சொன்ன பாஸ்போர்ட் விஷயம் இங்கேயும் வந்து இடித்தது.

9. கடன் வரலாறு

இந்தியாவில் உங்களுக்கு எவ்வளவு நல்ல பெயர் இருந்தாலும் இங்கே பெரும்பாலும் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும். சமூகப் பாதுகாப்பு எண் வந்த வாரமே, உங்கள் வங்கியில் முன்பணம் கட்டி வாங்கும் கடன் அட்டை ஒன்றைக் கேளுங்கள். 300 டாலர் கட்டினால் 300 டாலர் வரம்பு. அதில் மளிகை, பெட்ரோல் மட்டும் வாங்கி, வரம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல், மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டுங்கள். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். வட்டி உயிரை எடுக்கும். கடன் மதிப்பெண் (கிரெடிட் ஸ்கோர்) உருவாக ஆறு மாதமாவது ஆகும். அதுவரை கடைவாசலில் நீட்டும் அட்டைகள் எதற்கும் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் மதிப்பெண்ணைத் தொடும்.

10. வரியும் ஊர்க் கணக்குகளும்

ஜனவரி இறுதிக்குள் நிறுவனம், ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவத்தைத் தரும். ஏப்ரல் 15க்குள் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டின் நடுவில் வந்தவருடைய முதல் ஆண்டுக் கணக்கு வேறுவகை: நாட்டில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதைப் பொறுத்துப் படிவமே மாறும். இலவச மென்பொருள்கள் பலவற்றில் அந்தப் படிவம் இருக்காது. முதல் ஆண்டுக்கு மட்டும் தெரிந்த கணக்காளருக்குப் பணம் கொடுத்துச் செய்யுங்கள்.

வரிக்கணக்கில் குடியிருப்பாளர் ஆனபின், இந்திய வங்கிக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற அறிக்கையைத் தனியாகச் சமர்ப்பிக்க வேண்டும். வைப்புநிதியும் கணக்கில் வரும்; கூட்டுக் கணக்கும் வரும். அந்த அறிக்கைக்கென்று வரி எதுவும் இல்லை, அறிவித்தல் மட்டும்தான். அறிவிக்காவிட்டால் அபராதம் மிகப் பெரியது. இந்திய மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருந்தால் கணக்காளரிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்; அதற்குத் தனிப் படிவமும் கடுமையான வரி முறையும் உண்டு.

ஊரில் உள்ள சாதாரணச் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றுவது இந்தியச் சட்டப்படி கட்டாயம். புறப்படும் முன் கிளையில் படிவம் வாங்கி வந்தால் இங்கிருந்து அனுப்பி முடித்துவிடலாம்.

11. வீடு மாறும்போது

குடியேறிய பத்து நாளுக்குள் புதிய முகவரியைக் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இது சட்டம். ஏஆர்-11 என்ற படிவம், இணையத்தில் ஐந்து நிமிட வேலை, கட்டணம் இல்லை. மனைவிக்கும் குழந்தைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். தபால் நிலையத்தில் முகவரி மாற்றிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு.

பழைய வீட்டைக் காலி செய்யும்போது, புதிய முகவரியை எழுத்தில் கொடுங்கள். டெக்சாஸில் வீட்டுக்காரர் முன்பணத்தை, அல்லது பிடித்த தொகைக்கான கணக்கை, 30 நாளுக்குள் தர வேண்டும். ஆனால் முகவரியை நீங்கள் எழுத்தில் கொடுத்திருந்தால்தான் அந்தக் கடமை. எனக்கு 140 டாலர் கம்பளக் கறைக்கென்று பிடித்திருந்தார்கள். சாவி வாங்கிய அன்று எடுத்த படத்தையும் அனுப்பிய மின்னஞ்சலையும் இணைத்து ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு வாரத்தில் காசோலை வந்தது.